பசறை வீதியில் ஒரு கரண்டு சைக்கிள்

பதுளையிலிருந்து பசறைக்குச் செல்லும் வீதியை அறிந்தவர்கள், அவ்வீதியிலே ஒருவர் நாள்தோறும் சைக்கிளில் கல்லூரிக்குப் போய் வருகிறார் என்று கேள்விப்பட்டால் முதலில் நகைப்பார்கள். பின்பு அவருக்கு என்ன குறை நேர்ந்ததோ என்று இரங்குவார்கள். நகைப்புக்கும் இரக்கத்துக்கும் ஒருங்கே ஆளான அந்த மனிதர் நாமே. எமது இல்லம் நகரிலிருந்து ஏறக்குறைய ஒன்பது கிலோமீற்றர் தொலைவில், நமுனுகுலை மலைத்தொடரின் சாரலில், ஒரு தேயிலைத் தோட்டத்தின் ஓரமாக அமைந்திருக்கிறது. நாம் பௌதிகவியல் கற்பிக்கும் கல்லூரியோ கீழே நகரத்தில் இருக்கிறது. இரண்டுக்கும் இடையே உயர வித்தியாசம் சுமார் 300 மீற்றர். காலையில் இறக்கம், மாலையில் ஏற்றம். இந்த ஏற்றத்தை நாற்பது வயதைக் கடந்த ஆசிரியர் ஒருவரின் கால்கள் மட்டும் நாள்தோறும் வென்றுவிடும் என்று நாம் ஒருபோதும் பெருமை பேசியதில்லை. எமது சைக்கிளின் பின்சக்கரத்து நடுவே சிறிய தட்டளவான மின்மோட்டார் ஒன்றும், சட்டத்தின் இடையே செங்கல் அளவான பற்றரி ஒன்றும் பூட்டப்பட்டிருக்கின்றன. தோட்டத்துப் பிள்ளைகள் அதற்கு இட்ட பெயர் 'கரண்டு சைக்கிள்'. அதனினும் பொருத்தமான பெயர் எமக்குத் தோன்றவில்லை.

நாம் பிறந்து வளர்ந்தது யாழ்ப்பாணத்தில். அங்கே பிள்ளை நடக்கப் பழகியதும் அடுத்துப் பழகுவது சைக்கிள்தான். தந்தையாரின் ராலிச் சைக்கிளின் முன்பாரில் அமர்ந்து பள்ளிக்கூடம் போனவர்கள் நாம். 1990 ஆம் ஆண்டுக்குப் பின் குடாநாட்டுக்கு எரிபொருள் வராத காலத்திலே, மோட்டார்ச் சைக்கிள்காரர்கள் சிறு குப்பியிலிருந்து சில துளி பெற்றோலை விட்டு இயந்திரத்தைக் கிளப்பி, பின்பு மண்ணெண்ணெயில் ஓடினார்கள். எஞ்சியோர் அனைவரும் மிதித்தோம். இரவிலே சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திச் சக்கரத்தைக் கையாற் சுழற்றி, அதன் டைனமோவிலிருந்து வானொலிக்கு மின்சாரம் எடுத்துச் செய்தி கேட்டோம். பௌதிகவியலில் எமக்கு முதற் பாடம் நடந்தது வகுப்பறையில் அன்று. அந்த டைனமோவின் முன்னாலேதான்.

ஆயினும் யாழ்ப்பாணம் சமதரை. நியமனம் பெற்றுப் பதுளைக்கு வந்து, இங்கேயே மணமுடித்துக் குடியேறிய பின்னர் நாம் முதலிற் கவனித்த குறை, வீதியில் சைக்கிள் இல்லை என்பதுதான். மலைநாட்டிலே சைக்கிள் ஒரு விளையாட்டுப் பொருள், வாகனம் அன்று. இங்கே பணமுள்ளவனுக்கு மோட்டார்ச் சைக்கிள் அல்லது ஓட்டோ, இல்லாதவனுக்குப் பஸ், பஸ்ஸும் இல்லாதவிடத்து நடை. தோட்டத்து மக்களைப் பொறுத்தவரை இந்நடை பரம்பரைச் சொத்து எனலாம். அவர்களுடைய முன்னோர் தமிழகத்துச் சிற்றூர்களிலிருந்து புறப்பட்டுக் கடல் கடந்து மன்னார்க் கரையில் இறங்கி, அங்கிருந்து காடுகளினூடே மலைநாடு வரை கால்நடையாகவே வந்தவர்கள். கோப்பிக் காலத்தில் தொடங்கிய அந்த நடை இன்றும் வேறு உருவில் தொடர்கிறது.

சைக்கிளை நாம் மீண்டும் எடுக்க நேர்ந்தது 2022 ஆம் ஆண்டில். அந்த ஆண்டை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். முந்திய டிசெம்பரில் லீற்றர் 177 ரூபாவுக்கு விற்ற பெற்றோல், ஜூன் மாத இறுதியில் 470 ரூபாவானது. அந்த விலையைக் கொடுக்கச் சித்தமாயிருந்தாலும் பொருள் இல்லை. ஜூன் 28 ஆம் திகதி முதல் ஜூலை 10 ஆம் திகதி வரை அத்தியாவசியச் சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என்று அரசாங்கம் அறிவித்தது. தோட்டத் தொழிலாளியின் நாட்கூலி 2021 மார்ச்சில்தான், நெடும் போராட்டத்தின் பின், ஆயிரம் ரூபாவாக்கப்பட்டிருந்தது. அதாவது ஒரு நாள் முழுதும் கொழுந்து பறித்தால் இரண்டு லீற்றர் பெற்றோலும் கொஞ்சம் சில்லறையும் என்பது அன்றைய கணக்கு. எமது மோட்டார்ச் சைக்கிள் மூலையில் தூசு படிந்து நின்றது. வரிசையில் இரண்டு இரவுகளைக் கழித்து, மூன்றாம் நாள் வெறுங்கையுடன் திரும்பிய அன்றுதான், மைத்துனர் வீட்டுப் பின்புறத்தில் சாய்ந்து கிடந்த பழைய லுமாலாச் சைக்கிள் எமது நினைவுக்கு வந்தது.

மோட்டாரையும் பற்றரியையும் கொழும்பு நண்பர் ஒருவர் தேடிப் பிடித்து அனுப்பிவைத்தார். மோட்டாரின் வலு 250 வாற்று. பற்றரி 36 வோற்று. அதைப் பூட்டித் தந்தவர் பதுளை நகரத்து முதிய சைக்கிள் திருத்துநர். "மாஸ்டர், இது ஏறுமோ?" என்று அவர் ஐயத்தோடு வினவினார். முதலில் அது முன்சக்கரத்திற் பூட்டுவதற்கென வந்த மோட்டார் என்று எண்ணி அங்கேயே பொருத்தினோம். நனைந்த வீதியில் முதல் முடக்கு ஏற்றத்திலேயே முன்சக்கரம் வழுக்கிச் சுழன்றது. ஏற்றத்தில் பாரம் பின்னே சாய்கிறது. முன்சக்கரத்துக்குப் பிடி குறைகிறது. இதைப் பல ஆண்டு கரும்பலகையில் எழுதிக் காட்டிய நாம், வீதியில் விழுந்த பின்பே உணர்ந்தோம் என்பதை எமது மாணவர்கள் அறியாதிருப்பது நன்று. முதியவர் ஒன்றும் சொல்லாமல் மோட்டாரைக் கழற்றிப் பின்சக்கரத்துக்கு மாற்றினார். தோட்டத்துப் பிள்ளையார் கோயிலின் பூசாரி வண்டிக்கு விபூதி பூசி, சக்கரத்தின் கீழே எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கச் சொன்னார். சைக்கிளுக்கு எலுமிச்சம்பழமா என்று கேட்டதற்கு, "கரண்டு இருக்குல்ல" என்பது அவர் மறுமொழி.

நிற்க. சைக்கிளில் சிறு மோட்டாரைப் பூட்டும் யோசனை நம் காலத்தது அன்று. அது எந்நாட்டிலும் பற்றாக்குறையின் பிள்ளையாகவே பிறந்திருக்கிறது. இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது ஐரோப்பாவிலும் யப்பானிலும் கார் வாங்கப் பணமில்லை, பெற்றோலும் அருமை, ஆனால் சைக்கிள்கள் இருந்தன. இத்தாலியிலே 48 கன சென்றிமீற்றர் கொள்ளளவுள்ள இயந்திரம் ஒன்றைச் சைக்கிளிற் பூட்டும் உறுப்பாகவே விற்றார்கள். அது எழுப்பிய ஒலியைக் கொண்டு அதற்குக் 'குச்சோலோ', அதாவது நாய்க்குட்டி, என்று பெயரிட்டார்கள். பின்னாளில் பந்தய மோட்டார்ச் சைக்கிள்களாற் புகழ்பெற்ற டுக்காட்டி நிறுவனம் இரு சக்கர உலகில் அடியெடுத்து வைத்தது இந்த நாய்க்குட்டியோடுதான். பிரான்சில் 1946 இல் வெலோசொலெக்ஸ் வந்தது. அதன் இயந்திரம் முன்சக்கரத்தின் மேலமர்ந்து, ஓர் உருளையால் டயரைத் தேய்த்தே வண்டியை ஓட்டியது. இங்கிலாந்தில் 1950 இல் வந்த சைக்கிள்மாஸ்டரோ எமது வண்டியைப் போலப் பின்சக்கரத்தினுள்ளேயே இயந்திரத்தை வைத்திருந்தது. யப்பானில் சோயிச்சிரோ ஹொண்டா என்பவர் 1946 இல், போர்க்காலத்து இராணுவ வானொலிக் கருவிகளுக்கு மின்னூட்டிய சிறு இயந்திரங்களை மலிவாக வாங்கிச் சைக்கிள்களிற் பூட்டினார். அவர் முதலிற் செய்த வண்டியின் எரிபொருட் தாங்கி, வீட்டிலிருந்த வெந்நீர்ப் போத்தல். உணவுப் பொருள் தேடி மனைவியார் நெடுந்தூரம் சைக்கிள் மிதித்ததே இம்முயற்சிக்குத் தூண்டுகோல் என்பர். அதை ஓட்டிப் பார்க்கும் பொறுப்பும் அவ்வம்மையாருக்கே வாய்த்தது. 1952 இல் அவர் வெளியிட்ட 'கப்' என்னும் சைக்கிள் இயந்திரத்தின் வழிவந்ததே 1958 இன் சூப்பர் கப். மலைநாட்டு வீதிகளில் நாம் கண்டு பழகிய எம்.டி. 90 வண்டிகளும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவைதாம். 2022 இல் எமது நாடும், போர் முடிந்த நாடுகளைப் போலப் பெற்றோலின்றி நின்றபோது அதே யோசனை இங்கும் தளிர்த்ததில் வியப்பில்லை. ஒரு வேறுபாடு, எமது மோட்டாருக்கு வெந்நீர்ப் போத்தல் வேண்டியதில்லை, மின்சாரம் வேண்டும். அதே ஆண்டு மார்ச் முடிவில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் மின்வெட்டு இருந்தது என்பதையும் இங்கே குறிப்பிட்டாக வேண்டும். நல்லவேளையாக நாம் பற்றரி வாங்கிய காலத்தில் மின்வெட்டு சில மணித்தியாலமாகக் குறைந்திருந்தது.

காலைப் பயணத்தைப் பற்றிச் சொல்வதற்கு மகிழ்ச்சியாயிருக்கிறது. ஆறரை மணிக்குப் புறப்பட்டால் மோட்டாரைத் தொடவே வேண்டியதில்லை. ஒன்பது சிகரம் என்னும் பொருள்படும் நமுனுகுலை, 2,036 மீற்றர் உயரத்தில் முகிலைப் போர்த்துக்கொண்டு துயிலும். பெரட்டுக்களத்தில் பெயர் கூப்பிட்டு முடிந்து, பெண்கள் நிரை நிரையாக மலைக்கு ஏறுவார்கள். தேயிலையின் பச்சைக்கு மேலே சில்வர் ஓக் மரங்களின் வெள்ளி இலைகள் காற்றிற் புரளும். முடக்குக்கு முடக்குக் காட்சி மாறி, ஓரிடத்திலே கீழே பதுளை நகரம் கிண்ணத்தின் அடியில் இட்ட பொருள்போலத் தோன்றும். முதியங்கனை விகாரையின் வெண்ணிறத் தாதுகோபமும், 1924 ஆம் ஆண்டு முதல் மலைநாட்டுப் புகையிரதப் பாதைக்கு முடிவிடமாக விளங்கும் நிலையமும் அந்தக் கிண்ணத்துக்குள்ளேதான் இருக்கின்றன. பஸ்ஸில் அமர்ந்து பதினைந்து ஆண்டு இவ்வழியே சென்றிருக்கிறோம். இவற்றுள் ஒன்றையும் நாம் பார்த்ததில்லை. பஸ்ஸில் நாம் பார்த்தவை முன்னால் நிற்பவரின் தோளும், கண்ணாடியில் வழியும் மழைநீருமே.

நகரத்தில் சென். மார்க்ஸ் தேவாலயம் என்றொரு பழைய ஆலயம் உண்டு. அது மேஜர் ரொஜர்ஸ் என்பவரின் நினைவாக எழுப்பப்பட்டது. ஊவாவில் பல பாதைகளை அமைத்த வெள்ளைக்கார அதிகாரி அவர். யானைகளைச் சுட்டுக் குவித்ததாலும் பேர்பெற்றவர். 1845 இல் ஹப்புத்தளையில் இடி விழுந்து மாண்டார். யானைகளின் சாபம் என்று ஊரார் சொல்வதைக் கேட்டிருக்கிறோம். அன்னாரின் வேட்டையை நாம் மெச்சவில்லை. ஆயினும் மலைநாட்டுப் பழம் பாதைகளை அமைத்தவர்களுக்குச் சைக்கிள்காரன் ஒரு நன்றி கூறவேண்டும். அப்பாதைகள் மாட்டு வண்டிக்கு அளந்து வெட்டப்பட்டவை. மாடு செங்குத்தாக இழுக்காது; ஆகவே பாதை மலையைச் சுற்றிச் சுற்றி மெல்ல ஏறுகிறது. லொறிக்காரன் வெறுக்கும் அந்த வளைவுகளே 250 வாற்று மோட்டாருக்கு உயிர்.

இறக்கத்தில் ஒரு நாள் நாம் உயிர் தப்பினோம். ஒன்பது கிலோமீற்றரும் பிரேக்கைப் பிடித்தபடி வந்தால், முதல் நாள் மாலை ஏறுவதற்குச் செலவிட்ட சக்தி முழுவதும் இருபுறத்து றப்பர்க் கட்டைகளிலே வெப்பமாகித் தேய்கிறது. இதையும் கரும்பலகையில் எழுதியிருக்கிறோம்! ஐப்பசி மழையில் விளிம்பு நனைந்து, தேய்ந்த கட்டை பிடிகொள்ளாமல், எதிரே வந்த கொழுந்து லொறிக்கும் மண்மேட்டுக்கும் இடையே இருந்த ஒரு முழ இடைவெளியில் வண்டி எம்மைக் கொண்டுபோய்ப் புல்லிலே கிடத்தியது. 2021 மார்ச் 20 ஆம் திகதி பசறைக்கு அப்பால் 13 ஆம் மைற்கல்லருகே பஸ் ஒன்று பள்ளத்தில் வீழ்ந்து பலர் மாண்டதை அறிந்த எமது மனையாள், அன்று முழுதும் எம்மோடு பேசவில்லை. அதன்பின் மாதம் ஒருமுறை றப்பர்க் கட்டை மாற்றுவது வீட்டுச் சட்டமாயிற்று.

மற்றொரு நாள் நகர எல்லையில் பொலிஸ்காரர் ஒருவர் மறித்தார். வரிசையில் ஆயிரம் பேர் நிற்க, மிதிக்காமல் மலையேறும் இம்மனிதருக்குப் பெற்றோல் எங்கே கிடைத்தது என்பதே அவருடைய ஐயம். வண்டியின் கீழே குனிந்து தாங்கியைத் தேடினார். இல்லை. பற்றரியைத் தட்டிப் பார்த்தார். பின்பு தம் வீட்டுக்கும் இப்படியொன்று செய்விக்க என்ன செலவாகும் என்று சிங்களத்தில் மெல்ல விசாரித்தார்.

மாலையில் கதை வேறு. ஆடி, ஆவணி மாதங்களில் ஊவாவில் கச்சான் காற்று வீசும். அக்காற்றின் வறட்சியாலேதான் ஊவாத் தேயிலைக்கு அந்தப் பருவத்திற் தனிமணம் உண்டாகி, உலகச் சந்தையில் விலையும் ஏறுகிறது. சைக்கிளுக்கு அது மணமாகத் தோன்றுவதில்லை. ஒரு முடக்கில் முதுகைத் தள்ளும், அடுத்த முடக்கில் நெஞ்சைப் பிடித்து நிறுத்தும். ஆயினும் மோட்டார் இரைச்சலின்றி ஏறும். நாமும் வண்டியுமாக ஏறக்குறைய 100 கிலோகிராம். அந்தப் பாரத்தை 300 மீற்றர் உயர்த்துவதற்கு வேண்டியது 82 வாற்று மணி. வீணாவதையும் சேர்த்தால் இருமடங்கு வரலாம். மின்மானியில் ஓர் அலகு 1,000 வாற்று மணி. ஆகவே ஓர் அலகு மின்சாரத்தில் ஐந்தாறு மாலைகள் வீடு திரும்பலாம். இக்கணக்கை நாம் வகுப்பிலே செய்துகாட்டியபோது மாணவர்கள் மிகவும் இரசித்தார்கள்.

அதே வகுப்பில் இன்னொரு கணக்கும் வந்தது. அதை எழுப்பியவன் பின்வரிசையில் இருந்த மாணவன் ஒருவன். எமது இல்லத்துக்கும் மேலேயுள்ள தோட்டத்திலிருந்து வருபவன். "சேர், 250 வாற்றுன்னா எத்தனை ஆளுங்க?" என்று கேட்டான். நல்ல வினா. நாள் முழுதும் உழைக்கும் திடகாத்திரமான மனிதனின் சராசரி வலு ஏறக்குறைய 75 வாற்று என்பது பௌதிகவியலார் நெடுங்காலமாகக் கூறிவரும் மதிப்பு. ஆகவே, மூன்று ஆளுக்குச் சற்றே மேல் என்றோம். "அப்ப மூணு ஆளு தூக்கிட்டுப் போறாங்க" என்றான் அவன். வகுப்பு சிரித்தது, நாமும் சிரித்தோம். அன்று மாலை ஏறும்போது, கொழுந்து மடுவத்தில் நிறுவைக்காகத் தலைப்பாரத்துடன் காத்து நின்ற பெண்களைக் கடந்தோம். பதினெட்டுக் கிலோவரை நாட்பறிப்பு விதித்திருக்கும் மலைகள் அவை. அவர்களைக் கடந்து மூன்று ஆளின் வலுவில் ஓசையின்றி நாம் ஏறிப்போனபோது, அந்தச் சிரிப்பு எம்மை விட்டு அகன்றிருந்தது.

ஜூலை 25 ஆம் திகதி பாடசாலைகள் மீண்டும் தொடங்கின. திங்கள், செவ்வாய், வியாழன் என மூன்று நாட்கள் மட்டும். தோட்டப்புறத்துத் தமிழ்ப் பாடசாலைகளில் கணிதம், விஞ்ஞானம் கற்பிக்க ஆசிரியர் அரிது. ஆதலின் உயர்தரத்தில் விஞ்ஞானம் கற்க விரும்பும் பிள்ளை நகரத்துக்கு இறங்கியே ஆகவேண்டும். எமது வழியில் அப்படி ஐவர் இருந்தனர்: மூன்று பெண்பிள்ளைகள், இரண்டு ஆண்பிள்ளைகள். பருவச்சீட்டு அவர்களிடம் இருந்தது, பஸ் இல்லை. காலையில் ஐந்து மணிக்குப் புறப்பட்டு நடந்து இறங்கினார்கள். பிற்பகல் இரண்டு மணி வெயிலில் நடந்து ஏறினார்கள். நாம் நாள்தோறும் அவர்களைக் கடந்தோம். கடக்கும்போதெல்லாம் ஐவரும் வீதியோரம் ஒதுங்கி நின்று, "குட் மோர்னிங் சேர்" என்பார்கள், மாலையிலும் அவ்வாறே. ஓர் ஆசிரியருக்கு வணக்கம் இவ்வளவு கனக்கும் என்று நாம் அறிந்ததில்லை.

ஒருவரைப் பின்னே ஏற்றலாமென முயன்றோம். மோட்டார் சூடேறி மணம் வந்தது. ஐவருள் எவரை ஏற்றுவது என்பதும் தீராத கேள்வி. ஆகஸ்ட் மாதத்தில் ஒரு நாள், பெண்பிள்ளை ஒருத்தி மைற்கல்லின் மேல் அமர்ந்து தோளைப் பிடித்துக்கொண்டிருந்ததைக் கண்டோம். அவளுடைய பையை வாங்கித் தூக்கிப் பார்த்தோம். ஆறு கிலோவுக்குக் குறையாது. இரசாயனவியல், பௌதிகவியல், உயிரியல் என மூன்றின் புத்தகங்களும் குறிப்புகளும், சோற்றுப் பெட்டியும், தண்ணீர்ப் போத்தலும். அவளது பையைக் கைபிடியில் மாட்டினோம். மற்ற நால்வரின் பைகளையும் பின்னே கட்டினோம். எமது மோட்டாரில் ஒரு சிறு பொத்தான் உண்டு. அதை அழுத்திப் பிடித்தால், வண்டியைத் தள்ளிக்கொண்டு நடப்பவனுடைய வேகத்துக்குச் சக்கரம் மெல்லச் சுழலும். விற்பவர்கள் அதைப் பெரிதாகச் சொல்வதில்லை. முப்பது கிலோ பாரத்தோடு வண்டி, மேய்ச்சலிலிருந்து திரும்பும் பசுவைப்போல எம்மோடு அடக்கமாக மலையேறியது. நாம் அறுவரும் கைவீசி நடந்தோம்.

அவ்வாறு நடக்கும்போது எமக்கு வேறொரு வீதி நினைவுக்கு வந்தது. 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி வலிகாமம் முழுவதும் பெயர்ந்து நாவற்குழிப் பாலத்தைக் கடந்த இரவிலே, தந்தையாரின் ராலிச் சைக்கிளிலும் இப்படித்தான் மூட்டைகள் கட்டியிருந்தன. அதிலே ஒருவரும் ஏறவில்லை. பாட்டியார் அதன் சீற்றைப் பற்றியபடி நடந்தார். பிள்ளைகளிடம் இதை நாம் சொல்லவில்லை. அவர்கள் எம்மிடம் உராய்வுக் குணகம் பற்றிக் கேட்டுக்கொண்டு வந்தார்கள்.

அன்றிலிருந்து வாரத்தில் மூன்று மாலைகளும் அப்படியே கழிந்தன. ஏறி வந்தால் நாற்பது நிமிடம். நடந்து வந்தால் இரண்டரை மணித்தியாலம். மனையாள் முதலிற் கடிந்தாள். பின்பு ஐவருக்கும் தேநீர் வைக்கப் பழகிக்கொண்டாள். வீதியே வகுப்பறையாயிற்று என்றால் மிகையாகாது. சாய்தளத்தைப் பற்றிப் படிக்கச் சாய்தளத்தைவிடச் சிறந்த இடம் ஏது? ஒரு பிள்ளை நடந்த தூரத்தையும் நேரத்தையும் குறித்து எமது மோட்டாரின் திறனைக் கணித்தாள். விடை நூற்றுக்கு 64 என வந்தது. விற்றவர் கூறியது நூற்றுக்கு 80. பிள்ளையின் கணக்கையே நாம் நம்புகிறோம்.

ஆகஸ்டிலிருந்து கியூஆர் குறியீட்டின்படி வாரப் பங்கீட்டில் எரிபொருள் கிடைத்தது. பஸ்களும் ஒன்றிரண்டாக ஓடின. தொல்லை தீர்ந்தது என்று எண்ணினோம். ஆனால் பெற்றோல் திரும்பிய வேகத்தில் அரிசி திரும்பவில்லை. செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் நூற்றுக்கு 94.9 ஆக இருந்தது. நாட்கூலி அதே ஆயிரம் ரூபா. தீபாவளி கழிந்து மூன்று வாரமாக, 'எத்தனை ஆளு' என்று வினவிய மாணவன் வரவில்லை. ஒரு சனிக்கிழமை, அவனுடைய தோட்டத்துக்கு வண்டியை ஓட்டிச் சென்றோம். லயத்து வாசலில் அவனுடைய தாயார் எம்மைக் கண்டதும் முக்காட்டை இழுத்துவிட்டு, நாற்காலியைத் துடைத்துப் போட்டார். உள்ளங்கையில் சீனியும் கோப்பையில் வெறுந்தேநீரும் தந்தார். தீபாவளிக்கு ஊர் வந்த உறவினர் திரும்பும்போது பையனைக் கொழும்புக்கு அழைத்துப் போய்விட்டாராம். அங்கே கடை ஒன்றில் சாப்பாடும் தந்து சம்பளமும் கொடுக்கிறார்களாம். "படிக்கத்தான் சேர் அனுப்பினோம். ரெண்டு சின்னதுங்க இருக்குதுங்களே" என்றார். நாம் என்ன கூறுவது? பௌதிகவியற் குறிப்புப் புத்தகத்தை எடுத்துவந்து எம்மிடம் தந்தார். மழையில் நனையாமல் அதைத் தேயிலைப் பொதியின் வெள்ளித் தாளிலே சுற்றி வைத்திருந்தார்கள். வேறு பிள்ளைக்கு உதவும் என்று அவன் சொல்லிப் போனானாம். அந்தப் புத்தகம் இன்றும் எம்மிடம் இருக்கிறது. கடைசிப் பக்கத்தில் மூன்று மனிதர் ஒரு சைக்கிளைத் தூக்கிச் செல்வதுபோற் பென்சிலால் வரைந்திருக்கிறான்.

மற்ற நால்வரும் 2023 ஜனவரியில் தொடங்கிய உயர்தரப் பரீட்சைக்குத் தோற்றினார்கள். ஒருத்தி இப்போது தன் தோட்டத்துப் பாடசாலையில் கணிதம் கற்பிக்கிறாள். மற்றவர்கள் வெவ்வேறு வழிகளிற் சென்றுவிட்டனர். 2023 இல் பெற்றோலுக்கான பங்கீடு நீங்கியது. எமது மோட்டார்ச் சைக்கிளும் மூலையிலிருந்து வெளியே வந்துவிட்டது. ஆயினும் மழையில்லாத நாட்களில் நாம் பழையதையே எடுக்கிறோம். பற்றரிக்கு வயது சென்றுவிட்டது. ஒன்பது கிலோமீற்றரில் ஆறே அதற்கு இயலும். எஞ்சிய மூன்றையும் நாமே தள்ளுகிறோம். பஸ் தவறிய பிள்ளைகள் வழியிற் கண்டால், கேளாமலே பைகளைக் கொண்டுவந்து மாட்டுகிறார்கள். அவர்களுக்கு நாம் யாரென்றும் இவ்வழக்கம் எப்படி வந்ததென்றும் தெரியாது.

சென்ற தைப்பொங்கலன்று கொழும்பிலிருந்து ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. குரல் தடித்திருந்தது; ஆகவே உடனே அடையாளம் காணவில்லை. கடையில் இப்போது கணக்கு எழுதும் வேலை தந்திருக்கிறார்களாம். தங்கை அடுத்த ஆண்டு உயர்தரம். அவளையும் விஞ்ஞானத்திற் சேர்க்க வேண்டுமாம். நாம் ஆம் என்றோம். சிறிது நேரம் பேச்சில்லை. பின்பு, "சேர், அந்தக் கரண்டு சைக்கிள் இன்னும் ஓடுதுங்களா?" என்று கேட்டான்.

பிள்ளையார் கோயில் வரைக்கும் ஓடுகிறது என்றோம்.